உங்களுக்குப் பதிலா யாரு?

"சரி, உங்களை ரிலீஸ் பண்ணிடலாம். ஆனா உங்களுக்குப் பதிலா யாரு?"

இருந்த ப்ராஜெக்ட்டிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி நான் கேட்டதற்கு மேலாளர் இப்படித் திருப்பிக் கேட்டபோது, நான் கன்சல்டிங் வேலைக்கு வந்து 11 மாதம் ஆகியிருந்தது. அவர் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இரண்டு விநாடி இருந்திருக்கும். இத்தனை வருடங்களில் அந்த இரண்டு விநாடியை நான் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி வைத்திருக்கிறேன். இப்போது அது மனதில் ஓடும்போது நான் தலையைக் குனிந்து யோசிக்கிறேன், தயங்குகிறேன், வேறு வழி தெரியாமல் ஒரு பெயரைச் சொல்கிறேன். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் கேட்காமல் விட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்றுகூடச் சந்தேகம் உண்டு.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், நான் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய மெயின்ஃப்ரேம் (பெருங்கணினி) நிரல்களைப் படித்து, உள்ளே புதைந்து கிடக்கும் விதிகளை ஒவ்வொன்றாக எழுதித் தரவேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். புதிய அமைப்பைக் கட்டப்போவது வேறு குழு. நாங்கள் தோண்டிக் கொடுப்பவர்கள். எல்லாம் கோபோல் என்ற பழைய கணினி மொழி. எங்கள் டீமில் அதை 'கோபால் சார்' என்போம். "கோபால் சார் இன்னிக்கு என்ன சொல்றார்?" என்பது காலை வணக்கம் மாதிரி. 1959இல் ஒரு குழு கூடிப் பேசி உருவாக்கத் தொடங்கிய மொழி, 1960இல் அதன் முதல் வரையறை வந்துவிட்டது. என்னோடு சேர்ந்தவர்கள் கிளவுட், அனலிடிக்ஸ் என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் என் அப்பாவின் வயதுள்ள ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வேலை கடினம் என்பதால் நான் ஓடவில்லை. இதை யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொள்கிறேன், கவனித்தீர்களா. பயம் வேறு. முதல் இரண்டு வருடத்தில் என்ன ப்ராஜெக்ட் கிடைக்கிறதோ அதுதான் நம் பெயர். ஆள் ஒதுக்கும் ஆர்எம்ஜியில் யாருக்கும் நம் முகம் தெரியாது. புது ப்ராஜெக்ட் வந்தால் திறன் பட்டியலில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடுவார்கள், வருகிற பெயர்களில் யார் காலியோ அவருக்கு அழைப்பு போகும். என் பெயருக்கு எதிரே ஒருமுறை கோபோல் என்று ஏறிவிட்டால் அடுத்ததும் கோபோல், அதற்கடுத்ததும் கோபோல். அனுபவம் கூடக் கூட அந்தச் சொல்தான் கனத்துக்கொண்டே போகும். மூன்று வருடம் கழித்து வேறொன்றுக்கு மாறவேண்டுமென்றால் மூன்று வருட அனுபவத்துக்கான சம்பளத்தில் ஒரு புதுமுகத்தை எந்த மேலாளர் எடுப்பார்? இந்தக் கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் என்னிடம் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்.

இரவு நேரங்கள் இன்னொரு காரணம். நாங்கள் ஆவணம் எழுத மட்டும்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் பதிவுகளைக் கணினி மொத்தமாகச் செயலாக்கும் இரவு பேட்ச் ஓட்டத்துக்கும் முறை போட்டுவிட்டார்கள். நடுராத்திரியில் போன் அடிக்கும். பெரும்பாலும் எஸ்-ஜீரோ-சி-செவன் என்கிற பிழை. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று, பல சமயம் வெறும் இடைவெளி, வந்து உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு பதிவால் பல லட்சம் பதிவுகளின் ஓட்டம் நின்றுபோயிருக்கும். அதைத் தேடிப் பிடித்து, ஒதுக்கிவைத்து, மறுபடி ஓடவிட்டு, விடிந்ததும் மன்னிப்பு கேட்கிற தொனியில் ஒரு மின்னஞ்சல். தப்பு செய்தது நாங்களல்ல, ஆனாலும் தொனி அப்படித்தான் இருக்கவேண்டும்.

சரி, இதையெல்லாம் சொன்னேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதைப் பல வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வேலை எனக்குச் சில நாட்களில் பிடித்திருந்தது.

ஒரு நிரலில் பிறந்த வருடம் இரண்டே இலக்கத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காக எல்லா இடத்திலும் நான்கு இலக்கமாக மாற்றப் பணமோ நேரமோ இல்லாதவர்கள் ஒரு எல்லைக்கோடு போட்டுச் சமாளித்தார்கள். 50க்குக் கீழே இருந்தால் 20 சேர்த்துக்கொள், இல்லையென்றால் 19 சேர்த்துக்கொள் என்கிற மாதிரி. கட்டணத் தேதிகளுக்கு இது போதும். பிறந்த தேதிக்குப் போதாது. 38இல் பிறந்தவர் 2038இல் பிறந்தவராகிவிடுவார், பிறக்காதவருக்கு பாலிசி எப்படி? ஆகவே யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், அங்கே தனியாக நாலு வரி எழுதி நூறைக் கழித்திருந்தார். குறிப்புரை எதுவும் கிடையாது. அந்த நாலு வரி எதற்கென்று பிடிபட்ட மத்தியானம் நான் சாப்பிடப் போகவே மறந்தேன். இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். ரிலீஸ் கேட்டுப் பேசியது அதற்குப் பத்து நாள் கழித்து. அந்தப் பத்து நாளில் என்ன மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஒன்றும் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, நடுவில் வேலை பிடித்துப்போனது ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

உங்களுக்குப் பதிலா யாரு என்று அவர் கேட்டது குரூரமான கேள்வி என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு புதுப்பையனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவர் இடத்தில் உட்கார்ந்த பிறகு, அது வெறும் கணக்கு என்று தெரிகிறது. மணிக்கணக்கில் பில் போடுகிற ஒப்பந்தம். நான் போனால் அந்த நாற்காலி காலி, காலி நாற்காலிக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார். புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் வேலையைக் கற்றுக்கொள்ளும் வாரங்களுக்கும் பில் போட முடியாது. அந்தச் செலவு நம் தலையில். ஆனால் வருகிறவர் ஏற்கெனவே பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்களில், இருந்தால், அவருக்குச் சம்பளம் எப்படியும் வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்போது அந்த வாரங்கள் யார் கண்ணையும் உறுத்தாது. ஆகவே அவர் கேட்டதன் உண்மையான பொருள், பெஞ்சில் உங்களுக்குத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்பதுதான்.

இருந்தாள். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள். பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலி. அவள் பெஞ்சுக்கு வந்து ஏழு வாரம் முடிந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் விடுமுறை மாதிரி இருக்கும், மூன்றாவது வாரம் டைம்ஷீட்டில் என்ன எழுதுவதென்று கை கூசும், ஆறாவது வாரம் லிஃப்டில் மேலாளர் வந்தால் படியில் இறங்கத் தோன்றும். எட்டு வாரம் தாண்டினால் எச்ஆரிலிருந்து 'ஒரு சின்னப் பேச்சு' என்று அழைப்பு வரும் என்று எல்லோருக்கும் ஒரு வதந்தி தெரியும். அவள் அதற்குப் பயந்துகொண்டிருந்தாள். அதை என்னிடம் சொல்லியிருந்தாள்.

பெயரைச் சொன்னேன். இதுவரை என்னால் நியாயப்படுத்திவிட முடியும். பெஞ்சில் தவிக்கிற ஒருத்திக்கு வேலை, எனக்கு விடுதலை, மேலாளருக்குக் கணக்கு நேர். ரிலீஸ் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதே, மாற்று ஆளோடு போ என்று இன்றைக்கு நானே இளையவர்களுக்கு அறிவுரை சொல்கிறேன். நல்ல அறிவுரை என்றுதான் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

ஆனால் மேலாளர் அதோடு நிறுத்தவில்லை. நான் இவ்வளவு காலம் முதல் கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் இரண்டாவது கேள்வியின் பக்கம் போகாமல் இருப்பதற்குத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, நிதானமாகக் கேட்டார். "அவங்களுக்கு இதுல இஷ்டம் இருக்குமா?"

நல்ல மனிதர். கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"எந்த ப்ராஜெக்ட்டா இருந்தாலும் பரவாயில்லைன்னு சொல்லிட்டிருந்தாங்க" என்றேன்.

அவள் அப்படிச் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. ரொம்ப நாள் கழித்து, ஒரு பழைய போனிலிருந்து எதையோ எடுக்கப் போனபோது, அந்த வாரத்து உரையாடல் கண்ணில் பட்டது. இரவு 11 மணிக்கு அவள் எழுதியிருந்தது இதுதான்: "எந்த ப்ராஜெக்ட்டா இருந்தாலும் பரவாயில்லன்னு தோணுது சில நாள்." அதற்கு நான் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பியிருக்கிறேன். அதன் கீழே அவள், "ஆனா நீ பண்ற அது மட்டும் வேணாம்ப்பா" என்று எழுதி, அவளும் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருக்கிறாள்.

இந்தக் கடைசி வரி எனக்கு ஞாபகமே இல்லை. 'சில நாள்' என்பதை நான் மேலாளரிடம் விட்டுவிட்டுச் சொன்னேன் என்பது ஓரளவு நினைவிருந்தது. ஆனால் அவள் என் ப்ராஜெக்ட்டைக் குறிப்பிட்டே வேண்டாம் என்று சொல்லியிருந்தது சுத்தமாக அழிந்துபோயிருந்தது. விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னதை மேலாளரிடம் போய் எப்படிச் சொல்வது? அதே சமயம், அவள் அலுப்பில் சொன்ன முதல் வரியை மட்டும் நான் ஏன் வாக்குமூலம் மாதிரி எடுத்துக்கொண்டு போனேன்?

கேடி, அதாவது போகிறவர் வருகிறவருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பது, இரண்டு வாரம் நடந்தது. நான்தான் கொடுத்தேன். முதல் நாளே கேட்டாள், "நீ ஏன் போற?" நான், "ஆர்எம்ஜில கூப்பிட்டாங்க, வேற எங்கயோ தேவையாம்" என்றேன். அவள் பெயர் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை என்பதை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். பெஞ்சிலிருந்து யாருடைய பெயரும் எப்படியும் வரலாம்தானே.

இரண்டாம் வாரம் ரிவர்ஸ் கேடி. கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவருக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். என் இரண்டு பக்க விளக்கம், அந்தப் பிறந்த வருடம், அதற்கு வந்தபோது அவள் திரையை நிறுத்திவிட்டாள். நிரல் பிறந்த தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிடுகிறது, எதிர்காலத்தில் விழுந்தால் நூறைக் கழிக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். "இன்னிக்குத் தேதி இல்லப்பா. பாலிசி ஆரம்பிச்ச தேதி" என்றாள். பார்த்தேன். சரிதான். என் விளக்கத்தின்படி புதிய அமைப்பைக் கட்டியிருந்தால் 1908இல் பிறந்தவர் 2008இல் பிறந்த குழந்தையாகியிருப்பார், ஏனென்றால் 2008 அப்போதே கடந்துபோன வருடம், எதிர்காலம் இல்லை. பாலிசி தொடங்கிய தேதியோடு ஒப்பிட்டால்தான் அவர் கிழவராகவே இருப்பார். நான் சாப்பிடாமல் உட்கார்ந்து கண்டுபிடித்ததாக நினைத்த ஒரே விஷயம், அதிலும் பாதிதான் பிடிபட்டிருந்தது. அவள் பெருமையாக எதுவும் சொல்லவில்லை. ஆவணத்தில் திருத்தி, திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயரையே விட்டுவிட்டாள்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், நிம்மதிதான். சரியான ஆளிடம்தான் விட்டுப்போகிறேன், அவளுக்கு இது வருகிறது. நன்றாக வருகிற வேலை பிடித்த வேலையாகத்தானே இருக்கும் என்று வேண்டுமென்றே குழப்பிக்கொண்டேன்.

நான் போன இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிளவுட் என்று பெயர். ஐந்து மாதம் வாராந்திர நிலவர அறிக்கைக்கு ஸ்லைடு தயாரித்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள். ஆனால் திறன் பட்டியலில் சொல் மாறியது. அந்தச் சொல்லை வைத்துத்தான் அடுத்த ப்ராஜெக்ட், அதை வைத்து அதற்கடுத்தது. என் கணக்கு பலித்தது என்றே சொல்லவேண்டும்.

அவள் அங்கே மூன்றரை வருடம் இருந்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் வாடிக்கையாளரே அவள் பெயரைச் சொல்லி, அவளை மாற்றக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்களாம். இது பாராட்டு. இதுவே பூட்டும்கூட. அவள் இரண்டுமுறை ரிலீஸ் கேட்டு, இரண்டுமுறையும் இதைக் காட்டித்தான் மறுத்திருக்கிறார்கள். ஒருமுறை போனில் பேசும்போது, "அன்னிக்கு அந்த ப்ராஜெக்ட் வரலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றாள். இன்னொருமுறை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த நடுவில், "அங்க போய் மாட்டிக்கிட்டேன்ல" என்றாள். இரண்டையும் அவள்தான் சொன்னாள். எனக்கு எந்த நாளில் எது தேவையோ அதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றில் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து பழைய கணினி அமைப்புகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னால் கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார். அந்தச் செய்தியை அவளுக்கு அனுப்பினேன். கூடவே, "பார்த்தியா, கோபால் சாருக்கு வந்த வாழ்வை" என்று எழுதினேன். ஏன் அனுப்பினேன் என்பது எனக்கே தெரியும். நான் தள்ளிவிட்டது ஒன்றும் குப்பையில்லை என்று அவள் வாயால் கேட்கவேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "இப்ப சொல்றியா." கேள்விக்குறி கூட இல்லை. அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம். அப்போதாவது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். "ஹாஹா" என்று எழுதி அனுப்பினேன்.

இனி போன மாதம்.

என் டீமில் ஒரு பையன், சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. டெஸ்டிங் ப்ராஜெக்ட். அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. வேலையில் குறை வைக்கவில்லை, ஆனால் கூட்டங்களில் கேமரா முன்னால் அவன் உட்கார்ந்திருக்கும் விதம் எனக்குப் பழகியது. நேரில் வந்து ரிலீஸ் கேட்டான். காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். இந்த வேலை எனக்கு வேண்டாம் சார், டெவலப்மெண்ட் பக்கம் போகணும், இப்பவே போகலைன்னா போகமுடியாது. என்னுடைய அதே கணக்கு, வார்த்தைகூட மாறவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. சரி, பார்க்கலாம் என்று சொல்லவந்தவன், "உங்களுக்குப் பதிலா யாரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் அது யாருடைய குரல் என்று உறைத்தது.

அவன் கொஞ்சம் பார்த்தான். "அதை நான் சொல்லணுமா சார்?" என்றான்.

எனக்கு வந்தது கோபம். சத்தியமாகக் கோபம்தான். நானெல்லாம் சொன்னேனே என்ற கோபம். மரியாதைக்குறைவு என்று உடனே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பொறுப்பு மேலாளருக்கும் ஆர்எம்ஜிக்கும் உரியது, அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம், எங்கள் வேலையை அந்தப் பையன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும், "யோசிச்சுட்டு வாங்க, சிஸ்டத்துல ரிக்வெஸ்ட் போடும்போது அதுவும் கேட்கும்" என்று அனுப்பிவிட்டேன். சிஸ்டம் கேட்கும் என்பது உண்மைதான். படிவத்தில் 'பரிந்துரைக்கும் மாற்று நபர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விட்டால் ரிக்வெஸ்ட் போகாது.

இதில் அவன் செய்தது பெரிய நேர்மை என்றெல்லாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குப் பெஞ்சில் நண்பர்கள் யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம். ஏழு வாரம் பயந்துகிடக்கும் ஒருத்தி அவனுக்குத் தெரிந்திருந்தால் அவனும் சொல்லியிருப்பான். அல்லது, இது இன்னும் உறுத்துகிறது, அவள் பெயரைச் சொல்வதுதான் அவளுக்கு நல்லது என்றும் இருக்கலாம். யார் பெயரையும் சொல்லாத கைகள் சுத்தமாக இருக்கும், பெஞ்சில் இருப்பவள் எட்டாவது வாரத்துக்குள் போய்விடுவாள். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், அது மட்டும் தெரியும். ஒரு போன். மேலாளரிடம், "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று ஒரு வாக்கியம். ஆனால் கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. இதற்கு மேல் இதைப் பிரித்துப்பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து அவனுடைய ரிக்வெஸ்ட் வந்தது. காரணம் என்ற கட்டத்தில், என்னிடம் சொன்னதையே இரண்டு வரியில் எழுதியிருந்தான். மாற்று நபர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. முற்றுப்புள்ளி. சிஸ்டத்துக்கு ஏதோ ஒரு எழுத்து இருந்தால் போதும், ஏற்றுக்கொண்டுவிட்டது.

மூன்று வாரமாக அது என் பட்டியலில் இருக்கிறது. அப்ரூவ் செய்யவில்லை, ரிஜெக்ட்டும் செய்யவில்லை. அந்தப் புள்ளியை அழித்துவிட்டு ஒரு பெயரை நானே போட்டால் நாளையே முடிந்துவிடும். பெஞ்சுப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறேன். முதல் பெயருக்கு நேரே, 51 நாள் என்று இருக்கிறது.